மாமிக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம்

61,408 மைல். தண்ணீரூற்றில் செல்வராசாவின் கொட்டிலுக்குள் நின்ற ஓஸ்ரின் ஏ40 காரின் மைல் மீற்றர் 1990 ஒக்ரோபரில் காட்டிய எண் அது. பதினொரு வருடம் கழித்தும் அதையே காட்டியது. கெட்டுப்போன கார் என்று ஊர் நினைத்தது. நாலு சில்லையும் கழற்றிக் கருங்கல்லில் ஏற்றி, மேலே கிடுகு போட்டு, பக்கத்தில் கோழிக்கூட்டையும் வைத்திருந்தால் வேறு எப்படி நினைப்பது? ஒரு நாள் வேலை செய்தால் அது ஓடும் என்பது ஐந்து பேருக்கு மட்டும் தெரியும். அந்த ஐவரில் ஒருவர் புத்தளத்தில் இருந்தார். கார் அவருடைய வீட்டுக் கார்.

செல்வராசா பிறந்தது டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், 1950இல். தகப்பன் தொழிற்சாலையின் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. செல்வராசா கையெழுத்துப் போடுவார், இலக்கம் வாசிப்பார், எழுத்துக் கூட்டிப் படிப்பார். கடிதம் எழுதவேண்டும் என்றால் ஆள் தேடுவார். 1977 கலவரத்துக்குப் பிறகு மனைவி ராக்காயியோடு வன்னிக்கு வந்தார். கூட வந்தவர்கள் காடு வெட்டப் போனார்கள். இவர் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் மிசின்களைக் கழற்றிப் பூட்டப் போனார். பெரிய எஞ்சின்கள் ஆறுதலாகச் சுற்றுபவை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். அந்தச் சத்தத்தில் வளர்ந்த காது அவருக்கு.

அந்தக் காதுக்காகத்தான் ஹமீட் அவரைத் தேடி வந்தார். ஹமீட் தண்ணீரூற்றில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அதற்கு முன் கொழும்பில் ஒரு பெரிய கராச்சில் ஒன்பது வருடம் வெள்ளைக்காரர்களின் கார்களைத் திருத்தியவர். ஓஸ்ரினில் ஒரு சத்தம், கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். செல்வராசா ஒரு நீளமான திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, மூன்றாவது சிலிண்டரைக் காட்டினார். ஹமீட் திறந்து பார்த்தார். மூன்றாவதுதான். அன்றிலிருந்து செல்வராசாவுக்கு ஹமீட் நானா ஆனார், அதாவது அண்ணன். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்கள் இருவருக்கும் பொதுவாகின. ஒருவருக்குக் கார் தெரியும், மற்றவருக்குச் சத்தம் தெரியும்.

பிறகு இருவர் சேர்ந்தார்கள். பரமலிங்கம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வைத்திருந்தார். எதையும் பகிடியாக்காமல் சொல்லத் தெரியாதவர். கதிர்காமநாதன் உப தபாலதிபர். மொறிஸ் மைனர் ஒன்றும், அதைத் திருத்துவதற்கான ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் வைத்திருந்தார். புத்தகத்தைத் தேவாரம் படிப்பதுபோல ராகத்தோடு வாசித்துத் தமிழில் சொல்வார். அவரை எல்லோரும் ஐயா என்றார்கள். ஹமீட்டின் வீட்டு வளவில் நால்வரும் கூடுவார்கள். வால்வை எப்படித் தேய்ப்பது, பிறேக் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது என்பதுதான் கதை. அரசியல் கதைப்பதில்லை என்று யாரும் முடிவெடுக்கவில்லை. அதற்கு நேரம் இருக்கவில்லை.

தேத்தண்ணீர் ஹமீட்டின் மாமியாரிடமிருந்து வரும். காரே அவருடையதுதான். 1968இல் தன் ஆறு காப்புகளை விற்று, மகள் நபீஸாவின் புருசனுக்கென்று கொழும்பில் வாங்கியது. பதிவுப் புத்தகத்தில் பெயர் அவருடையது. பின் ஆசனத்தில் இடது பக்கம் இருந்து, முப்பது மைலுக்கு மேலே ஓட விடமாட்டார். எஞ்சின் சத்தம் மாறினால் ஹமீட்டுக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார், “கோழி கேருது, நிப்பாட்டு” என்று. மாமியின் கார் என்று சொல்லத் தொடங்கி, அது சுருங்கி, நால்வரும் காரையே மாமி என்றார்கள். ‘மாமி இண்டைக்கு நல்லா இழுக்கிறா.’ ‘மாமிக்குப் பிளக் மாத்தோணும்.’ செல்வராசாவை அந்த மாமியார் ‘மகன்’ என்றுதான் கூப்பிடுவார். கிணற்றில் தண்ணீர் அள்ளித் தந்து, குடித்து முடிக்கும் வரை நின்று பார்ப்பார். அந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் போல இருக்கும்.

1990 ஒக்ரோபரில் ஓஸ்ரின் செல்வராசாவின் கொட்டிலுக்கு வந்தது. வால்வுகளைத் தேய்க்க எஞ்சினின் தலையைக் கழற்றினார். சிலிண்டர்களுக்கு மூடிபோல மேலே இருக்கும் இரும்புக் கட்டிதான் தலை. வியாழக்கிழமை தருவதாகச் சொன்னவர், இன்னொருவரின் மிசின் வேலை வந்ததால் வெள்ளி என்றார், பிறகு திங்கள் என்றார். திங்களுக்கு முன் இயக்கத்தின் ஒலிபெருக்கி வந்துவிட்டது. முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேறவேண்டும் என்றார்கள்.

ஹமீட் சைக்கிளில் வந்தார். தலை பலகையில் கிடந்தது. வால்வுகள் நூலில் கோர்த்துத் தொங்கின. இரவு முழுக்க இருந்து பூட்டிவிடுகிறேன் என்றார் செல்வராசா. ஹமீட் வேண்டாம் என்றார்.

“தலையைப் பூட்டாத தம்பி. ஓடுற கார் எண்டா ஆராவது எடுத்துப் போடுவாங்கள். தலையை வேற இடத்தில வை. நான் வந்து பூட்டுறன்.”

“எப்ப வருவீங்க நானா?”

“ரெண்டு கிழமை, மிஞ்சினா மூண்டு.”

ஆளுக்கு ஒரு பையோடு அவர்கள் போனார்கள். மாமியார் உழவு இயந்திரப் பெட்டியில், யாருடையவோ சாக்கின் மேல் இருந்து போனார். கார் ஓடியிருந்தாலும் கொண்டுபோக விட்டிருப்பார்களோ தெரியாது. ஆனால் வியாழக்கிழமை தருவதாகச் சொன்னதைச் செல்வராசா மறக்கவில்லை.

தலையைத் தேங்காயெண்ணெய் பூசி, ராக்காயியின் பழைய சேலையில் சுற்றி, நெல் போடும் மரப்பெட்டியின் அடியில் வைத்தார். நெல் அள்ளும்போதெல்லாம் ராக்காயி முணுமுணுப்பாள், அடுத்த வீட்டு மாமியாரின் தலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சோறு சமைக்கிறவள் உலகத்தில் தான் ஒருத்திதான் என்று. கொட்டிலில் நின்ற காரின் நான்கு சிலிண்டர் வாய்களுக்கும் எண்ணெய் ஊற்றி, துணி போட்டு, பலகையால் மூடினார் செல்வராசா. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஹமீட் பள்ளிவாசலுக்குப் போகும் நேரத்தில், பலகையைத் தூக்கிவிட்டு முன்னால் கைபிடியைப் போட்டு இருபத்தொரு தரம் சுற்றுவார். நாலு பிஸ்டனும் எண்ணெய்க்குள் ஏறி இறங்கும். துரு பிடிக்காமல் இருக்க அது போதும். ஒரு வெள்ளியும் தவறவில்லை. மலேரியாவோடு படுத்திருந்த கிழமைகளில் ராக்காயி சுற்றினாள்.

இரண்டு கிழமை ஒரு வருடமாகியது. 1991இல் கதிர்காமநாதன் ஐயா செல்வராசாவுக்காக முதல் கடிதத்தை எழுதினார். ஹமீட் குடும்பம் புத்தளத்தில் ஓர் அகதி முகாமில் இருப்பது அப்போதுதான் தெரிய வந்திருந்தது. கார் பத்திரம், பற்றறியை மட்டும் கழற்றி வைத்திருக்கிறோம் என்று எழுதினார்கள். பற்றறி அந்த நாட்களில் வன்னிக்குத் தடை செய்யப்பட்ட பொருள். கடிதத்தை வழியில் யாரோ உடைத்து வாசித்திருக்கிறார்கள். அங்கே ஹமீட்டை ஒரு நாள் முழுக்க இருத்தி வைத்து, எந்தப் பற்றறி, யாருக்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

இது தெரிந்ததும் ஐயா ஒரு வழி சொன்னார். கடிதத்தில் காரும் வேண்டாம், எஞ்சினும் வேண்டாம். எல்லோரும் சொந்தக்காரர் ஆகட்டும். ஓஸ்ரின் ஏற்கெனவே மாமி. பரமலிங்கத்தின் ஒக்ஸ்போர்ட் பெரியப்பா. ஐயாவின் மைனர் சின்னம்மா. பெற்றோல் நல்ல மருந்து. மண்ணெண்ணெய் கசாயம்.

ஐந்து வருடம் இப்படிக் கடிதங்கள் போய் வந்தன. பெற்றோல் ஒரு போத்தல் கிடைத்தாலே பெரிய காரியமாக இருந்த காலம். மண்ணெண்ணெயில் கார் ஓட்டும் வித்தையை வன்னியில் பலர் பல மாதிரிச் செய்து பார்த்தார்கள். பாதிப் பேர் எஞ்சினை எரித்தார்கள். ஹமீட் புத்தளத்திலிருந்து எழுதினார்: ‘பெரியப்பாவை எழுப்பும்போது ஒரு கரண்டி நல்ல மருந்து கொடுக்கவும். உடம்பு சூடான பிறகு கசாயம் போதும். இரண்டு பாய் விரித்துப் படுக்க வைக்கவும், ஒரு பாய் போதாது.’ இரண்டு பாய் என்பதற்கு இங்கே மூவரும் மண்டையை உடைத்தார்கள். செல்வராசாதான் கண்டுபிடித்தார். தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் போடும் தகட்டை ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போட்டால் அழுத்தம் குறையும், மண்ணெண்ணெய் முட்டாமல் எரியும். போட்டுப் பார்த்தார்கள். ஒக்ஸ்போர்ட் வெள்ளைப் புகையோடு முள்ளியவளை வரை போய்த் திரும்பியது. வற்றாப்பளை அம்மன் கடல்தண்ணியில் விளக்கெரிக்கிறா, நாங்கள் கசாயத்தில் கார் ஓட்டுறம் என்று பரமலிங்கம் சந்தியில் நின்று சொன்னார்.

விசயம் பரவியது. புதுக்குடியிருப்பிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். புகைக்குழாயைச் சுற்றிச் செப்புக் குழாய் போட்டு எண்ணெயைச் சூடாக்கும் வித்தையை ஒருவர் கொண்டு வந்தார். அதற்குப் பதிலாக இரட்டைப் பாயைக் கொண்டு போனார். மருந்து வண்டி இல்லாத ஊர்களில் இந்தக் கார்கள்தான் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றின. ஹமீட்டின் பெயரைச் சொல்ல முடியாத இடங்களில் ‘எங்கட ஆள்’ என்று சொன்னார் செல்வராசா.

ஓஸ்ரினை மட்டும் அவர் கல்லிலிருந்து இறக்கவில்லை. கேட்டவர்கள் இருந்தார்கள். பரமலிங்கமே ஒருமுறை கேட்டார், சும்மா கிடக்கிற தலையை ஒரு மாதத்துக்குத் தாவன் என்று. ஹமீட் நானா வந்து பூட்டுவார் என்பதுதான் பதில்.

1994இல் ஹமீட் எழுதிய ஒரு கடிதத்தில் ஒரு வரி இருந்தது. புத்தளத்தில் ஒரு கராச்சில் வேலை கிடைத்திருக்கிறது, ‘இங்கேயும் ஒரு மாமி வந்திருக்கிறா, வயது ஒன்றுதான், ஆனால் எங்கள் மாமியின் குணம் இல்லை’ என்று. இன்னொரு ஓஸ்ரின் ஏ40. இங்கே மூவரும் சந்தோசப்பட்டார்கள். அந்த வரிதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

1997 சித்திரைக் கடைசியில் இன்னொரு கடிதம் வந்தது. ஹமீட் மாசியில் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை கொட்டிலில் ஐயா அதைச் சத்தமாக வாசித்தார். ‘மாமிக்கு இப்போது சுகமில்லை. மூச்சு எடுக்கக் கஷ்டம். இருமல் நிற்பதில்லை. காலில் நீர் இறங்கியிருக்கிறது. எந்த நேரமும் தண்ணீர் கேட்கிறா. இங்கத்தைத் தண்ணீர் ஒத்துவரவில்லை, ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான் வேணும் என்கிறா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு எழுத வேண்டும் போல இருந்தது.’

ஐயா கடிதத்தை மடிக்கும் முன்பே, புத்தளத்துக் கராச்சில் நிற்கும் ஓஸ்ரினுக்குத்தான் பழுது என்று மூவரும் வேலையில் இறங்கிவிட்டார்கள். மூச்சு என்றால் காற்று போகும் வழியில் அடைப்பு. இருமல் என்றால் தீப்பொறி நேரம் தப்பிப் பாய்கிறது. காலில் நீர் என்றால் பிறேக்கில் ஒழுக்கு. எந்த நேரமும் தண்ணீர் கேட்பது? அது றேடியேற்றர் கொதிக்கிறது. புத்தளத்துத் தண்ணீர் உப்பு. உள்ளே சுண்ணாம்புபோலப் படிந்து குழாய்களை அடைத்திருக்கும். அதனால்தான் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறார், பாருங்கோ எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறார் என்று ஐயா வியந்தார்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த ராக்காயி நின்று கேட்டாள்.

“காருக்கு எதுக்குங்க ஊர்க் கெணத்துத் தண்ணி?”

மூவரும் சிரித்தார்கள். உப்புத் தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்று செல்வராசா அவளுக்கு விளக்கினார். அவள் குவளைகளை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பதிலை ஐயா எழுதினார். தலைமைத் தபால் கந்தோரின் கடிதம்போல இலக்கணமாக இருந்தது. ‘மாமிக்கு வயது போய்விட்டது, இதற்கெல்லாம் கலங்க வேண்டாம். அங்கத்தைத் தண்ணீர் கொடுப்பதை உடனே நிறுத்தவும். எவ்வளவு கேட்டாலும் கொடுக்க வேண்டாம். உள்ளே இருப்பதை முழுவதும் வெளியேற்றி, வெறும் வயிற்றோடு இரண்டு நாள் வெயிலில் வைக்கவும். இருமினால் ஒரு சின்னத் தட்டுத் தட்டிப் பார்க்கவும்.’

கடைசி வரி பரமலிங்கத்தினுடையது.

“இதையும் எழுதுங்கோ ஐயா. சரிவராட்டி மாமியைத் தள்ளிவிட்டிட்டு வேற மாமி பாக்கச் சொல்லி.”

ஐயா எழுதினார். செல்வராசா கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்த வைகாசியில் வவுனியாப் பக்கமிருந்து படை நகரத் தொடங்கியது. பாதைகள் அடைபட்டன. கடிதம் எங்கெங்கோ கிடந்து ஆனிக் கடைசியில் புத்தளம் போய்ச் சேர்ந்தது.

ஆவணியில் பதில் வந்தது. உறையின் மேலிருந்த எழுத்து ஹமீட்டினது இல்லை என்று ஐயா கண்டுகொண்டார். உள்ளே நாலு வரி. நபீஸா எழுதியிருந்தார். ‘உங்கள் கடிதம் என் உம்மா இறந்து, மூன்றாம் நாள் கத்தம் ஓதிய அன்று வந்தது. ஊரிலிருந்து ஆறுதல் சொல்லி எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்து, வந்திருந்த பெண்களுக்கு நான்தான் சத்தமாக வாசித்தேன். அது காரைப் பற்றியது என்று அவர் பிறகுதான் சொன்னார். என் உம்மாவின் பெயரைக் காருக்கு வைத்துச் சிரித்திருக்கிறீர்கள். இனி எழுத வேண்டாம்.’

ஐயா இரண்டு தரம் வாசித்தார். ஹமீட்டின் கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்தார்கள். மூச்சு. இருமல். காலில் நீர். ஊர்க் கிணற்றுத் தண்ணீர். ஒரு சொல்லும் மாறவில்லை. ஒரு மனுசன் தன் மாமியாரை மாமி என்று எழுதியிருந்தான், அவ்வளவுதான். பரமலிங்கம் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து பகிடி வருவது குறைந்துபோனது.

ராக்காயி குசினி வாசலில் நின்றாள்.

“தண்ணி கேட்ட மனுசிக்குக் குடுக்காதன்னு எழுதியிருக்கீங்க,” என்றாள். அதைச் சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டும் என்று செல்வராசா அன்றே சொன்னார். எப்படி எழுதுவது என்பதில் நின்றுபோனது. மாமி என்றால் கார் என்று எழுதாமல் நடந்ததைச் சொல்ல முடியாது. எழுதினால், ஐந்து வருடமாக வன்னிக்கும் புத்தளத்துக்கும் நடுவில் மறைமொழியில் கடிதம் ஓடியது என்று வழியில் உடைத்து வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். பற்றறி என்ற ஒரு சொல்லுக்கே ஹமீட்டை ஒரு நாள் இருத்தியவர்கள். இதற்கு எத்தனை நாள்? இங்கே தங்களையும் கேட்க ஆட்கள் இருந்தார்கள். சுகம் விசாரித்துப் பொதுவாக எழுதலாம் என்றார் ஐயா. ஒன்றும் நடக்காததுபோல எழுதுவது இன்னும் மோசம் என்றார் செல்வராசா. எழுதவில்லை.

நாலு வருடம் இப்படிப் போனது. யாரும் பேசி வைக்காமலே காரை மாமி என்று சொல்வது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்தார்கள், எஞ்சின் கதைகள் நடந்தன, ‘எங்கட ஆள்’ சொன்ன வித்தைகளைச் செல்வராசா புதியவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் காட்டும்போது அது எந்தக் கடிதத்தில் வந்தது என்று நினைவு வரும். வெள்ளிக்கிழமை பலகையைத் தூக்கிக் கைபிடியைச் சுற்றினார். இருபத்தொன்று. முன்பு அதை எண்ணும்போது ஹமீட் நானா வருவார் என்று நினைப்பார். இப்போது வந்தால் எந்த முகத்தோடு தலையை எடுத்துக் கொடுப்பது என்று நினைத்தார்.

2000ஆம் ஆண்டு கார்த்திகையில் கதிர்காமநாதன் ஐயா நெஞ்சு வலியில் இறந்தார். ஒக்ஸ்போர்ட்டில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பாதி வழியில் முடிந்துவிட்டது. ஆங்கிலப் புத்தகம் செல்வராசாவிடம் வந்தது. அவரால் படங்களைத்தான் பார்க்க முடிந்தது. ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹமீட்டுக்குப் போன கடிதங்களின் பிரதிகள் நடுவில் இருந்து விழுந்தன. ஐயா ஒவ்வொன்றுக்கும் பிரதி வைத்திருந்தார். கடைசிக் கடிதத்தின் பிரதியில் ‘எவ்வளவு கேட்டாலும் கொடுக்க வேண்டாம்’ என்ற வரியை மட்டும் பேனையால் பலதரம் வெட்டியிருந்தார். தாள் கிழிந்திருந்தது.

2001 மார்கழி இருபத்துநாலாம் தேதி சண்டை நிறுத்தம் என்று வானொலி சொன்னது. அடுத்த நாள் செல்வராசா கொட்டிலுக்குள் போய்க் கதிரையைப் போட்டு இருந்தார். பரமலிங்கம் எழுதித் தருகிறேன் என்று வந்தார். வேண்டாம் என்றார்.

“போன தடவை ஐயா எழுதினாரு, நீங்க சொன்னீங்க, நான் கையெழுத்துப் போட்டேன். இத நானே எழுதுறேன்.”

“உனக்கு எழுத்துப் பிழைக்குமே செல்வா.”

“பிழைக்கட்டும்.”

மூன்று நாள் எழுதினார். எழுத்துத் தெரியாத இடங்களில் ராக்காயியைக் கேட்டார். அவளுக்கும் தெரியாவிட்டால் வாயில் வருவதுபோல எழுதினார். ஹமீட்டுக்கு எழுதவில்லை.

‘நபீஸா அக்காவுக்கு. மாமின்னு நாங்க எழுதினது காரு. மாமி சொகமில்லாம இருந்தது எங்களுக்குத் தெரியாது. தண்ணி கேட்டாங்கன்னு நானா எழுதினத ரேடியேட்டருன்னு நெனச்சோம். அதுனால குடுக்க வேணாம்னு எழுதிட்டோம். எம் பொஞ்சாதி அப்பவே கேட்டா, நான் சிரிச்சேன். மாமி எனக்கு ரொம்ப தண்ணி குடுத்திருக்காங்க. நாலு வருசமா இதச் சொல்ல முடியல. சொன்னா நானாவப் புடிப்பாங்கன்னு பயம். காரு இருக்கு. தல நெல்லுப் பெட்டியில இருக்கு. அது ஒங்க உம்மா காரு. நீங்க என்ன சொன்னாலும் செய்யிறேன். செல்வராசா.’

காரு, ரேடியேட்டர், தல. பத்து வருடத்தில் முதல் தடவையாக இந்தச் சொற்கள் கடிதத்தில் ஏறின. வவுனியாவுக்குப் போன ஒரு லொறிக்காரர் கடிதத்தை அங்கே தபாலில் போட்டார்.

பதில் வர நாற்பத்தொரு நாள் எடுத்தது. உறை உடைக்கப்படாமல் வந்தது. செல்வராசா எழுத்துக் கூட்டி வாசித்தார். சந்தேகம் வந்து பரமலிங்கத்திடம் கொடுத்து வாசிப்பித்தார். அவர் வாசித்ததும் அதையேதான். ‘காருக்கு மாமி என்று பெயர் வைத்தது உம்மாவுக்குத் தெரியும் என்று அவர் சொல்கிறார். உம்மா அதைக் கேட்டுச் சிரிப்பாவாம். எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை. கடைசி நாட்களில் ஊர்த் தண்ணீர் கேட்டா, எங்களாலும் கொடுக்க முடியவில்லை. அதைத்தான் உங்கள் மேல் கோபமாக வைத்திருந்தேனோ தெரியாது. கிணறு இருக்கிறதா?’

கடிதத்தில் காரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

செல்வராசா அன்றே ஹமீட்டின் வளவுக்குப் போனார். வீட்டுக்குக் கூரை இல்லை. சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தது. கிணற்றின் கட்டு ஒரு பக்கம் சரிந்து, உள்ளே பாதி உயரத்துக்கு ஓலையும் மண்ணும் தகரமும் கிடந்தன. மறுநாள் பரமலிங்கமும் அவரும் தண்ணீர் இறைக்கும் மிசினை ஒக்ஸ்போர்ட்டின் பின்னால் கட்டிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கொட்டிலுக்கு வருகிற ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். மிசினை ஒரு கரண்டி பெற்றோலில் எழுப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நாலு நாள் இறைத்தார்கள். முதல் நாள் கறுப்பாக வந்தது. மூன்றாம் நாள் மண் நிறத்தில் வந்தது. நாலாம் நாள் பின்னேரம் அடியில் ஊற்றுக் கண் தெரிந்தது. இறங்கி நின்ற செல்வராசா கையால் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, மேலே நின்றவர்களிடம் மிசினை நிப்பாட்டச் சொன்னார்.

கிணறு இருக்கு என்று இரண்டு சொல்லில் பதில் எழுதிப் போட்டார்.

அந்த வருடச் சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. அந்த மாதம் மூன்றாம் கிழமை ஹமீட்டும் நபீஸாவும் தண்ணீரூற்றுக்கு வந்தார்கள். நபீஸா முதலில் கிணற்றடிக்குப் போய் ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்தார். காரின் தலையை அடுத்த நாள் ஹமீட் பூட்டினார்.